கூலிப்படையும் வெள்ளித்திரையும்

(கிட்வாய் நகரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் கம்பனையோ வள்ளுவனையோ பற்றிப் பேசுவதே நமது வழக்கம். இவ்வாண்டு எனக்கு வாய்த்த பொருளோ கொலைகாரர்களைப் பற்றியது. கூலி பெற்றுக்கொண்டு கொலை புரிவோரை நாயகராக்கும் திரைப்படங்களைக் குறித்து நான் பேச வேண்டுமென்று செயற்குழு பணித்துள்ளது. காரணத்தை நீங்கள் அறிவீர்கள். விழாவை ஒட்டி ஒரு படம் திரையிட வேண்டுமென்று இளைஞர்கள் கேட்டார்கள். அவர்கள் தேர்ந்தது 2013-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’. பெரியவர்கள் மறுத்தோம். மறுத்தோம் என்று நான் கூறுவதிலிருந்தே நானும் அக்கட்சியைச் சேர்ந்தவன் என்பது விளங்கும்.

அன்றிரவு என் பேரன் கேட்டான்: “தாத்தா, சிறு வயதில் தரை டிக்கெட்டில் ‘வல்லவன் ஒருவன்’ பார்த்ததாகப் பெருமையாகச் சொல்வீர்களே. அதில் யாரும் யாரையும் சுடவில்லையா?”

சுட்டார்கள்தாம். 1966-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த படம் அது. ஜெய்சங்கர் துப்பாக்கியை உயர்த்தும்போது கும்பகோணத்துக் கொட்டகையில் நான் எழுந்து நின்று சீழ்க்கை அடித்ததை இன்று மறைப்பானேன்! எனினும் அக்காலத்துத் துப்பாக்கிக்கு ஓர் அரசாங்க முத்திரை இருந்தது. நாயகன் சி.ஐ.டி. ஆக இருப்பான். கூலிக்கு அடிப்பவனோ கோடு போட்ட பனியனும் கழுத்தில் கைக்குட்டையுமாக வில்லனுக்குப் பின்னால் நிற்பான். அவனுக்குப் பெயர் கிடையாது. அடியாள் என்பதே பெயர். அந்த அடியாள் எப்போது முன்வரிசைக்கு வந்தான், எப்போது கோட்டும் சூட்டும் அணிந்தான் என்பதே இப்போது நாம் காண வேண்டியது.

தில்லியில் வாழும் நமக்குச் ‘சுபாரி’ என்னும் சொல் புதிதன்று. பாக்கு என்பதே அதன் பொருள். நம் வீடுகளில் வெற்றிலை பாக்கு மாற்றினால் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவ்வுலகில் பாக்குக் கைமாறினால் ஓர் உயிருக்கு நாள் குறித்தாயிற்று. தமிழ்ப் பத்திரிகைகள் ‘கூலிப்படை’ என்று எழுதுகின்றன. பகலெல்லாம் மண் சுமந்தவன் மாலையில் கைநீட்டிப் பெறுவதற்கும் இதற்கும் ஒரே சொல்லா என்று எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு.

மேல்நாட்டில் இக்கதை பழையது. 1927-இல் வெளிவந்த ஹெமிங்வேயின் ‘தி கில்லர்ஸ்’ என்னும் சிறுகதையில் இரண்டு கூலிக் கொலைஞர்கள் ஒரு சிற்றுண்டிச்சாலையில் வந்து அமர்ந்து ஒருவனுக்காகக் காத்திருக்கிறார்கள். பிரெஞ்சு இயக்குநர் மெல்வில் 1967-இல் எடுத்த ‘லெ சாமுராய்’ படத்தில் அலன் தெலோன் கண்ணாடி முன் நின்று தொப்பியின் விளிம்பைச் சரிசெய்துகொண்டு கொலைக்குப் புறப்படுகிறார். அந்தத் தொப்பியிலிருந்தே மற்ற ஆடம்பரமெல்லாம் கிளைத்தது எனலாம். 1995-இல் வந்த ‘அசாசின்ஸ்’ என்னும் அமெரிக்கப் படத்தில் தொழிலை விட்டு ஓய்வு பெற விரும்பும் கொலைஞன் ஒருவன். அவனைக் கொன்று அவன் இடத்தைப் பிடிக்கத் துடிக்கும் இளையவன் மற்றொருவன். நம்முடைய அலுவலகங்களில் பதவி உயர்வுக்கு நடக்கும் போட்டிதான். ஆயுதம் மட்டுமே வேறு.

இவற்றையெல்லாம் பேரனுடன் அமர்ந்து இந்த மூன்று மாதங்களில் பார்த்தேன். அழகில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் பார்க்குந்தோறும் ஒரு கேள்வி என்னைப் படுத்தியது. அக்கேள்வி என்னுடையதன்று. செயற்குழுக் கூட்டத்தில் ஓர் அம்மையார் கேட்டது. பழைய குவார்ட்டர்ஸ் இடிபடுவதற்கு முன்னிருந்தே நமக்கெல்லாம் அண்டை வீட்டாராக இருந்தவர். நிலத்தகராறில் அவருடைய உடன்பிறந்தாரை ஊரில் யாரோ கூலிக்கு ஆள் வைத்து வெட்டினார்கள். தந்தி வந்த அன்று நான்தான் அவரையும் பிள்ளைகளையும் புதுதில்லி ஸ்டேஷனில் ரயிலேற்றினேன். கூட்டத்தில் அவர் கோபமாகப் பேசவில்லை. “சுடப்பட்டவன் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று அந்தப் படங்களில் காட்டுகிறார்களா?” என்று மட்டும் கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை.

அவ்வினாவையே உரைகல்லாக வைத்துக்கொண்டேன். மெல்விலின் படம் தேறவில்லை; ‘அசாசின்ஸ்’ அருகிலும் வரவில்லை. 2006-இல் விஷ்ணுவர்தன் இயக்கிய ‘பட்டியல்’ பாதி தேறியது. ஆர்யாவும் பரத்தும் ஏற்ற கோசி, செல்வா என்னும் இருவரும் அநாதைகளாய்த் தெருவில் வளர்ந்தவர்கள்; செல்வாவுக்குச் செவியும் பேச்சும் இல்லை. தரகன் சொன்ன ஆளைக் கொன்றுவிட்டு வருவது அவர்கள் பிழைப்பு. 1999-ஆம் ஆண்டின் ‘பாங்காக் டேஞ்சரஸ்’ என்னும் தாய்லாந்துப் படத்தின் சாயல் அதில் உண்டு. ஏவுகிறவன் சுகமாக இருக்க, ஏவப்படுகிறவன் எவ்வளவு மலிவானவன் என்பதை அது சொல்லிவிடுகிறது. ஆனால் செத்தவன் வீட்டுக் கதவை அதுவும் தட்டவில்லை.

பிறகு, நாங்கள் வேண்டாமென்று மறுத்த படத்துக்கு வந்தேன். மிஷ்கின் தாமே எழுதி, இயக்கி, தயாரித்து, ‘ஓநாய்’ எனப்படும் கொலைஞனாகவும் நடித்தது. இளையராஜா இசை, பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. 1954-இலேயே எஸ். பாலசந்தர் பாட்டில்லாமல் ‘அந்த நாள்’ எடுத்துக் காட்டியதை இங்கே நினைவூட்ட ஆசை. அதைத் தொடங்கினால் இன்றிரவு உங்களுக்குச் சாப்பாடு கிடைக்காது. குண்டடிபட்டுத் தெருவில் கிடக்கும் ஒருவனை மருத்துவ மாணவன் ஒருவன் வீட்டுக்குத் தூக்கிச் சென்று தானே அறுவை செய்து பிழைக்க வைக்கிறான். விடிந்ததும் போலீஸ் அம்மாணவனைப் பிடித்துக்கொள்கிறது. பிழைத்தவனைப் போலீஸும் தேடுகிறது. அவனை முன்பு ஏவிய தலைவனும் ஆட்களை அனுப்புகிறான். அவன் ஏன் ஓடுகிறான் என்பது நெடுநேரம் நமக்குத் தெரிவதில்லை. கடைசியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஒரு குழந்தைக்கு ஓநாயும் ஆடுகளும் என்று கதை சொல்வதுபோல் தன் வரலாற்றைச் சொல்கிறான். தவறிப்போய் ஒரு நிரபராதியைக் கொன்றுவிட்டான். அந்தப் பையனின் வீட்டார் கண் பார்வையற்றவர்கள். அவர்களிடமே போய்ச் சேர்ந்து அவர்களைக் காத்து வருகிறான்.

1989-இல் ஜான் வூ எடுத்த ‘தி கில்லர்’ என்னும் ஹாங்காங் படத்திலும் தன் துப்பாக்கியால் பார்வை இழந்த பாடகிக்காகக் கொலைஞன் ஒருவன் வருந்துகிறான். அங்கே அதைச் சுற்றிப் புறாக்களும் குண்டுமழையும் அதிகம். இங்கே அந்த மனிதன் தான் கொன்றவன் வீட்டுக்கே போனான். அம்மையார் கேட்டாரே, அதற்கு இப்படம் ஒரு விடை. நல்ல விடையா, போதுமான விடையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை, உரிமையுடையவர் அவரே. கொலைஞனிடம் நம்மைக் கண்ணீர் சிந்த வைப்பதே ஒரு தந்திரம் என்று அவர் சொன்னாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன். எனக்கே அந்த ஐயம் இன்னும் முழுதும் நீங்கவில்லை.

ஆனால் என் மறுப்பை மீட்டுக்கொண்டேன் என்பதைச் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதுமுன் அம்மையார் வீட்டுக்குப் போனேன். அவர் காப்பி கொண்டுவந்து வைத்தார். கதை முழுவதையும் சொன்னேன். இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். “அந்தக் குழந்தைக்கு அவன் யாரென்று தெரியுமா?” என்றார். “படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்” என்றேன்.

வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் படம். சிறு குழந்தைகளை வீட்டில் விட்டு வாருங்கள். அம்மையார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கதவோரமாக ஒரு நாற்காலி போட்டு வைக்கும்படி கேட்டிருக்கிறார். அதை மட்டும் இளைஞர்கள் மறக்க வேண்டாம்.