இளையோர் உள்ளத்தை உருவாக்குபவை



"எங்கள் காலத்தில் நாங்கள் இப்படியா இருந்தோம்?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்காத பெற்றோர் நம்மில் யார் இருக்கிறார்கள்? கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் பெரியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்தே தீரும். பையன் சொன்ன சொல்லைக் கேட்பதில்லை. பெண் எந்நேரமும் கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கிறாள். கோயிலுக்கு அழைத்தால் வருவதில்லை. வந்தாலும் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். நாம் அடுக்கும் குறைகளுக்கு முடிவே இல்லை.

குறை சொல்வது எளிது. ஓர் இளைஞனின் உள்ளம் எப்படி உருவாகிறது என்று பொறுமையாக எண்ணிப் பார்ப்பது சற்றுக் கடினம். அந்தக் கடினமான வேலையை இன்று நாம் சேர்ந்து செய்து பார்ப்போம்.

பிள்ளையின் உள்ளத்திற்குள் மூன்று வழியாகச் செய்திகள் நுழைகின்றன. முதலாவது பண்பாடு. வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள், பெண்ணுக்கு என்ன சொல்லப்படுகிறது, ஆணுக்கு என்ன சொல்லப்படுகிறது, பெரியவர்களிடம் எப்படிப் பேசுகிறோம் என்பவையெல்லாம் பண்பாடுதான். இரண்டாவது சமயம். கோயிலும் திருவிழாவும் விரதமும் நேர்த்திக்கடனும் அதில் அடங்கும். மூன்றாவது தகவல் சாதனங்கள். பத்திரிகை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, இன்று கைத்தொலைபேசி. இந்த மூன்றும் நம் தோட்டங்களில் எப்படி வேலை செய்தன என்பதைத் தெரிந்துகொண்டால், இன்றைய பிள்ளைகளைப் புரிந்துகொள்வது எளிதாகும்.

முதலில் பத்திரிகையைப் பார்ப்போம். 'தமிழ் நேசன்' 1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கியது. கோ. சாரங்கபாணி அவர்களின் 'தமிழ் முரசு' 1935இல் சிங்கப்பூரில் தோன்றியது. அந்நாளில் தோட்டத்துத் தொழிலாளர்களில் எழுத்தறிந்தவர் சிலரே. ஆனால் ஒரு பத்திரிகையை ஒருவர் மட்டும் படிக்கவில்லை. எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றி அமர்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். படித்து முடித்ததும் வாதம் தொடங்கும். "அது சரி" என்பார் ஒருவர். "அது நடக்காது" என்பார் இன்னொருவர். ஓரத்தில் நின்ற இளைஞன் செய்தியையும் கேட்டான். அதைப் பெரியவர்கள் எடைபோட்ட விதத்தையும் கேட்டான்.

இதன் விளைவைச் சரித்திரம் சொல்கிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன், தமிழ் நேசனில் பணியாற்றிய பத்திரிகையாளர். தொழிலாளர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போருக்குப் பிறகு, 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். அந்தப் போராட்டத்திலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது.

இந்த இளைஞர்கள் வானத்திலிருந்து குதித்து வந்தவர்களா? இல்லை. மானத்தோடு வாழ வேண்டும் என்ற எண்ணத்தைப் பண்பாடு தந்தது. உலகில் நடப்பதைப் பத்திரிகை தந்தது. அவற்றை அசைபோட்டுப் பேசுவதற்கு ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டம் இருந்தது என்பதைத்தான் நாம் இன்று குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்துத் திரைப்படம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்கள் நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டமே திடலுக்குப் போகும். அந்தப் படங்களில் சண்டை இல்லையா? காதல் இல்லையா? வில்லன் இல்லையா? எல்லாம் இருந்தன. ஆனால் மறுநாள் பால்மரக் காட்டில் நிரை பிடித்து வேலை செய்யும்போது அந்தப் படத்தைப் பற்றியே பேச்சு நடக்கும். "அவன் அம்மாவை அப்படிப் பேசியது தப்பு" என்று ஒரு பாட்டி சொல்லுவார். அது பையன் காதில் விழும். எம்.ஜி.ஆர். திரையில் குடிப்பதையும் புகைப்பதையும் பெரும்பாலும் தவிர்த்தார். "பார், வாத்தியார் குடிக்கிறாரா?" என்று மகனிடம் கேட்கத் தாய்மாருக்கு அது உதவியாக இருந்தது. படம் பாதிப் பாடத்தைச் சொன்னது. மீதியை நாம் சொன்னோம்.

நேயர்களே, பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. அதே தோட்டங்களில் சம்பள நாளன்று கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த தந்தையரும் இருந்தார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே லயத்தில் வாழ்ந்தும் சாதி பார்த்துச் சம்பந்தம் மறுத்த குடும்பங்கள் இருந்தன. இவற்றையும் நாம் பண்பாடு என்ற பெயரிலேயே செய்தோம். ஆகவே, பழையது என்பதற்காக எல்லாவற்றையும் பிள்ளைகள் தலையில் ஏற்றலாகாது. 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது தோட்டத்துப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். துப்பாக்கி ஏந்திய அந்தப் பெண்களின் பேத்திகளிடம் "பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்பது நியாயமாகுமா?

இனிச் சமயத்தைப் பற்றிச் சிறிது பார்ப்போம்.

தோட்டத்தில் நிலம் துரையுடையது, வீடு நிர்வாகத்துடையது, வேலை கங்காணி சொன்னபடி. தொழிலாளி 'இது என்னுடையது' என்று சொல்லக்கூடிய இடம் ஒன்று இருந்தது என்றால் அது கோயில்தான். மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் காளியம்மனுக்கும் நம் முன்னோர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்துக் கோயில் கட்டினார்கள். வரி பிரித்தார்கள், கணக்கு எழுதினார்கள், திருவிழா நடத்தினார்கள். பந்தல் போடுவது, தண்ணீர் சுமப்பது, பூக்குழிக்கு விறகு சேர்ப்பது, அன்னதானத்திற்குக் காய் நறுக்குவது என்று ஒவ்வோர் இளைஞனுக்கும் ஒரு வேலை இருந்தது. 'நான் இல்லாவிட்டால் இந்தத் திருவிழாவில் ஒரு குறை' என்ற எண்ணம் அவனுக்கு இருந்தது. பக்தி அந்த எண்ணத்தோடு சேர்ந்துதான் வளர்ந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போயின. கோயிலும் சிதறியது; அதைச் சுற்றியிருந்த கூட்டமும் சிதறியது. இன்று தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் இளைஞர் கூட்டம் நிறைந்து வழிகிறது. அவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் காவடி எதற்கு, விரதம் எதற்கு, நேர்த்திக்கடன் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்? சொல்லாமல் விட்டதை அவர்கள் கண்ணால் கண்டதை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். காவடியின் உயரம்தான் பக்தியின் உயரம் என்று ஒரு பையன் நினைத்தால், அந்தப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு.

உறுமி மேளக் குழுக்களைப் பற்றி நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். இராப்பகலாக மேளம் கற்றுக்கொள்ளும் பையனிடம் உழைப்பும் கட்டுப்பாடும் இருக்கின்றன. அவன் ஒரு கூட்டத்தைத் தேடுகிறான். கோயில் நிர்வாகம் அவனுக்கு ஓர் இடம் கொடுத்தால் அவன் கோயில் பிள்ளை ஆவான். நாம் விரட்டிவிட்டால், "வா தம்பி" என்று அழைப்பதற்குக் குண்டர் கும்பல் தெருமுனையில் காத்திருக்கிறது. அப்படிப் போன பிள்ளைகளின் தாய்மார் காவல் நிலையத்துப் பெஞ்சில் அமர்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

இப்பொழுது மூன்றாவது வழிக்கு வருவோம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. தோட்டங்களுக்கு வந்த காலத்தில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியைப் பத்து வீடு பார்த்தது. பிறகு வீட்டுக்கு ஒன்று ஆயிற்று. இன்று ஆளுக்கு ஒரு கைத்தொலைபேசி. ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். இரவு எட்டு மணி. செம்பனைக் குலை வெட்டிக் களைத்து வந்த தந்தை ஒரு மூலையில் கைத்தொலைபேசியில் செய்தி பார்க்கிறார். தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கிய தாய் சமைத்துக்கொண்டே நாடகம் பார்க்கிறார். மூன்றாம் படிவம் படிக்கும் மகன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். மகள் அறைக்குள். நான்கு பேர், நான்கு திரைகள். யார் என்ன பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்திரிகைக்கும் திடல் படத்திற்கும் இருந்த அந்தக் கூட்டம் இங்கு இல்லை.

கைத்தொலைபேசி எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. எந்தக் காட்சியில் நம் கண் அதிக நேரம் நிற்கிறதோ, அதைப் போன்ற காட்சிகளையே அது அடுத்தடுத்துக் கொண்டு வந்து வைக்கிறது. நாம் பார்க்கும் நேரம் கூடக் கூட, விளம்பரத்தால் நிறுவனத்திற்கு வருமானம் கூடுகிறது. ஒரு பையன் கத்தி தூக்கிய காட்சியை இருமுறை பார்த்தால், இன்னும் நாலு கத்தி வந்து நிற்கும். அவனுக்கு உலகமே கத்தியாகத் தெரியத் தொடங்கும். அதே கருவியில் அவன் கணிதப் பாடத்தைத் தேடிப் பார்த்தால், நாலு ஆசிரியர்கள் வந்து நிற்பார்கள். கருவி ஒன்றுதான். அவன் எதைத் தேடுகிறான் என்பது, அவனோடு யார் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஆகவே, நேயர்களே, திரையை மட்டும் பழிப்பதில் பயனில்லை. முன்பு செய்திக்கும் பிள்ளைக்கும் நடுவில் நாம் இருந்தோம். இன்று அந்த இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் மீண்டும் போய் உட்காருவதே நம் வேலை. அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. சில எளிய வழிகளைச் சொல்கிறோம்.

ஒன்று: நாளில் ஒரு வேளைச் சோறாவது எல்லோரும் சேர்ந்து உண்போம். அந்த அரைமணி நேரம் கைத்தொலைபேசிகள் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். நம்முடையதும்தான்.

இரண்டு: "என்ன கன்றாவியைப் பார்க்கிறாய்?" என்று கேட்டால் பிள்ளை திரையை மூடிக்கொள்ளும். "எனக்கும் காட்டு அய்யா" என்று பக்கத்தில் அமர்ந்தால் காட்டும். பார்த்த பிறகு, நமக்குச் சரி என்று படுவதையும் தவறு என்று படுவதையும் அமைதியாகச் சொல்வோம். அவன் சொல்வதையும் கேட்போம்.

மூன்று: நமக்கு வரும் செய்தியை உண்மையா என்று பாராமல் பத்துப் பேருக்கு அனுப்புவதை நிறுத்துவோம். நாமே பொய்ச் செய்தியைப் பரப்பினால், பிள்ளைக்கு அறிவுரை சொல்ல நமக்கு வாய் இராது.

நான்கு: கோயில் நிர்வாகத்தில் உள்ளவர்கள், திருவிழாவில் ஒரு பொறுப்பையாவது இருபது வயதுக்கு உட்பட்டவர்களிடம் முழுமையாக ஒப்படைக்கலாம். கணக்கு எழுதட்டும், அறிவிப்புச் செய்யட்டும், தேவாரம் பாடட்டும். தவறினால் திருத்துவோம், பறிக்க வேண்டாம். சடங்கின் பொருளைப் பிள்ளை கேட்டால், "எதிர்த்துப் பேசாதே" என்று அடக்காமல், தெரிந்ததைச் சொல்வோம். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் சேர்ந்து போய்க் கேட்போம்.

ஐந்து: இது மிக முக்கியமானது. மகளோ மகனோ, "ஒருவன் என்னை மிரட்டுகிறான், என் படத்தை வைத்திருக்கிறான்" என்று வந்து சொன்னால், முதல் காரியமாகக் கையை ஓங்காதீர்கள், கைத்தொலைபேசியைப் பிடுங்காதீர்கள். வந்து சொல்லிற்றே என்று அணைத்துக்கொள்ளுங்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல் நிலையத்திற்குப் போகலாம். பள்ளி ஆலோசக ஆசிரியரையும் காணலாம். அடிக்குப் பயந்து வாய் மூடிய பிள்ளை, தனியாக எந்த முடிவையும் எடுத்துவிடலாம். அதன் பிறகு அழுது பயனில்லை.

நம் பாட்டன்மார் எழுத்தறியாதவர்களாக இருந்தும் பத்திரிகையைக் கேட்டு, பேசி, முடிவெடுத்தார்கள். அந்தப் பேச்சின் நடுவில் வளர்ந்த பிள்ளைகள் கள்ளுக்கடை வாசலில் நின்று "மூடு" என்று சொல்லும் துணிவு பெற்றார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்தத் துணிவு வரும். இன்று இரவு, இந்த வானொலிப் பேச்சு முடிந்ததும், பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இன்றைக்கு என்ன பார்த்தாய்? எனக்கும் சொல்."

மீண்டும் வேறொரு பேச்சில் சந்திப்போம். வணக்கம்.