நம் களர் நிலத்தில் மிஸ்வாக் மரம்

(மையவாடியில் கன்று நடும் பணியை முன்னிட்டு, ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)





நம் மையவாடியின் மேற்குப் பக்கம் களர் நிலம். வெயிலில் வெள்ளை பூக்கும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கும். சீமைக் கருவேலத்தைத் தவிர அங்கே எதுவும் வராது என்கிறோம். ஆனால் இப்படிப்பட்ட மண்ணைத் தாங்கும் ஒரு செடியை அல்லாஹ் நம் இராமநாதபுரம் கடலோரத்திலேயே வைத்திருக்கிறான். அதுதான் உகா. சங்கப் பாடல்கள் பாலை நிலத்தில் காட்டும் உகாய் இதுவே. நாம் கடையில் பாக்கெட்டாக வாங்கும் மிஸ்வாக்கும் இதன் வேரும் குச்சியும்தான்.

உகாப் பழத்தின் சதை முளைப்பைத் தடுக்கும். ஆகவே சதையைக் கழுவி நீக்கி, விதையை நாள் கடத்தாமல் பையில் ஊன்ற வேண்டும். ஐப்பசி மழை தொடங்கும்போது ஒன்றரை அடிக் குழியில், மட்கிய எரு கலந்து நடலாம். முதலில் மண்ணைப் பரிசோதிப்போம். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டியிருந்தால், பரிசோதனை நிலையத்தார் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இடுவோம்.

வறட்சியைத் தாங்கும் செடிதானே என்று நட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. வேர் ஆழமாக இறங்கிய பிறகுதான் அது வறட்சியைத் தாங்கும். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் வேண்டும். ஆடுகள் இதை விரும்பித் தின்னும், வேலியும் வேண்டும்.

இதற்காகத்தான் உங்களிடம் கேட்கிறோம். 40 கன்றுகள் தயாராக உள்ளன. ஒரு குடும்பம் ஒரு கன்றைப் பொறுப்பேற்று, இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு குடம் ஊற்றினால் போதும். பள்ளிவாசலில் ஒளூச் செய்து வீணாகும் தண்ணீரையும் தொட்டியில் தேக்கித் தருகிறோம்.

இன்னொரு வேண்டுகோள். மிஸ்வாக்குக்காகக் காட்டிலுள்ள உகாவை வேரோடு தோண்டாதீர்கள். பக்கக் கிளையில் ஒரு குச்சி போதும். ஒரு சுன்னத்தைப் பேண ஒரு மரத்தைக் கொல்லத் தேவையில்லை.

நாம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நமக்கு சதக்கா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உகாப் பழத்தைப் பறவைகளும் தின்னும், பிள்ளைகளும் தின்பார்கள். நம் முன்னோர் உறங்கும் இடத்தில் அந்த நன்மை தொடரட்டும்.

பெயர் தர விரும்புவோர் இன்று அஸருக்குள் பள்ளிவாசல் அலுவலகத்தில் தாருங்கள். அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.