மோட்டார் விபத்தும் நஷ்ட ஈடும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் இன்று சட்டம் பேசப் புகுந்தது வியப்பாகத் தோன்றலாம். எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர்க்கு நேர்ந்த துன்பமே எம்மைப் பேசச் செய்கின்றது.

அவ்விளைஞர் கைத்தறி நெய்பவர். சைக்கிளிற் செல்லுங்கால் பின்வந்த காரொன்று மோதிக் கால் முறிந்தது. காரோட்டி அவரை மருத்துவமனையிற் சேர்த்து, “போலீசுக்குப் போக வேண்டா, செலவெல்லாம் என் பொறுப்பு” என்றார். வீட்டாரும் இசைந்தனர். விபத்துப் பதிவேட்டில், “தானே வீழ்ந்தார்” என்று எழுதப்பட்டது. மூன்றாம் நாள் முதற்கொண்டு காரோட்டி வரவில்லை. இருபது நாள் கழித்தே புகார் கொடுத்தனர். நஷ்ட ஈட்டு வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அவ்விரு சொற்களையே எடுத்துக் காட்டினார். கண்டோர் சாட்சியால் இறுதியில் ஒரு பகுதியே கிட்டிற்று. அதற்குள் நான்காண்டு தறி வாளா கிடந்தது. சொல்லின் அருமையைக் கற்பிக்கும் யாம், இரண்டு சொல் ஒரு குடியை அலைத்தமை கண்டு வருந்தினோம்.

ஆதலின் அன்பர்களே, நான்கு செய்திகளை உளங்கொள்க.

முதலாவது, மருத்துவமனையில் நடந்ததை நடந்தவாறே, வண்டியின் எண்ணோடு எழுதுவிக்க வேண்டும்.

இரண்டாவது, அன்றே போலீசில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெறவேண்டும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, செய்தி கிட்டிய 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும், விபத்து நடந்த 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் போலீசார் தீர்ப்பாயத்திற்கு அனுப்பவேண்டும். அவ்வறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாகக் கொள்ளும்.

மூன்றாவது, மருந்துச் சீட்டு, ரசீது, எக்ஸ்ரே, வருமானச் சான்று ஆகிய ஒன்றையும் எறிதலாகாது. உறுப்பின் ஊன அளவு வேறு, வருவாய் இழப்பின் அளவு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவுறுத்தியது. கணக்கெழுதுவோர்க்குக் கால் ஊனம் சிறிதாகலாம். தறி மிதிப்பவர்க்கோ அது பிழைப்பே போனதாகும். இதனைச் சிகிச்சை செய்த மருத்துவரைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும்.

நான்காவது, காலம். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த கால வரம்பு 1994-இல் நீக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 1-4-2022 முதல் ஆறு திங்கள் வரம்பை மீண்டும் புகுத்தியது. அதனை எதிர்த்த வழக்கில், காலம் கடந்ததென்று மனுக்களைத் தள்ளலாகாதென உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. எனினும் இடைக்கால ஆணையை நம்பி வாளா இருத்தல் அறிவுடைமையன்று. விபத்து எங்கு நிகழினும், தாம் வாழும் ஊர்க்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்.

துன்பம் வந்த நாளில் வீட்டார்க்கு மனம் கலங்குதல் இயல்பு. அப்போழ்து உடன்நின்று படிக்கவும் எழுதவும் ஒருவர் வேண்டும். நம் சங்கத்து இளைஞர் இருவர் மூவர் இத்தொண்டினை ஏற்பாராயின், எம் மாணவர் பட்ட துயரம் இனியொரு குடும்பத்திற்கு வாராது.