ஆர்குலா அம்மையாரின் மடல்

ஜெர்மனியில் எழுந்த சமயச் சீர்திருத்தம் என்றவுடன் மார்ட்டின் லூதரின் பெயரே நம் நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ பவேரியா நாட்டு உயர்குடிப் பெண்மணி ஆர்குலா வான் குரும்பாக் அம்மையாரைப் பற்றி. மாணவ நேயர்கள் அவரை அறிய ஒரு தனிக் காரணம் உண்டு. அவர் எழுதுகோலைக் கையில் எடுத்தது ஒரு மாணவனுக்காக.

அம்மையாருக்குப் பத்து வயதானபோது தந்தையார் ஜெர்மன் மொழி விவிலியம் ஒன்றைப் பரிசளித்தார். அதைப் படித்தால் வழி தவறிப் போவாய் என்று துறவியர் தடுத்தமையால், அந்நூல் அப்போது படிக்கப்படாமலே கிடந்தது. பின்னாளில் அதை அவர் கரைத்துக் குடித்தார் என்றே சொல்ல வேண்டும்.

1523-ஆம் ஆண்டு. இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் ஆர்சாசியுஸ் ஸீஹோஃபர் என்னும் பதினெட்டு வயது இளைஞன், லூதரின் கொள்கைகளைப் பரப்பினான் என்று பிடிபட்டான். தீக்கிரையாவான் என்று அச்சுறுத்தினர். செப்டம்பர் 7-ஆம் நாள் அவன் பலர் முன்னிலையில் அழுதுகொண்டே தன் கொள்கையைக் கைவிட்டான். பின்னர் எட்டால் மடத்தில் அடைபட்டான்.

கற்றறிந்த ஆடவர் பலர் வாய் திறவாதிருக்க, அம்மாதம் 20-ஆம் நாள் அம்மையார் பல்கலைக்கழகத்துக்கே மடல் எழுதினார். இவன் சொன்னவற்றுள் எது பிழை? மறைநூலைக் கொண்டு காட்டுங்கள்; நான் வாதிட வருகிறேன்; எனக்கு இலத்தீன் தெரியாது, ஆகவே ஜெர்மனில் பேசுவோம் என்பதே அதன் சாரம். மடல் அச்சேறி, சிறிது காலத்துக்குள் பதினான்கு பதிப்புகள் வெளிவந்தன. பல்கலைக்கழகம் மறுமொழி தரவில்லை. விடை கூறினால் ஒரு பெண்ணை வாதத்துக்குரியவளாக ஒப்புக்கொண்டதாகுமே என்று அஞ்சினர் போலும்!

விடைக்குப் பதிலாகத் தண்டனை வந்தது. பழைய சமயத்தை விடாத அவர் கணவர் டீட்ஃபர்ட்டில் வகித்த பதவியை இழந்தார். நான்கு பிள்ளைகளை வளர்க்கும் இல்லத்தில் வறுமை புகுந்தது. இல்லறத்தில் கசப்பும் புகுந்தது. நூல் நூற்கப் போ என்று ஏளனம் செய்து ஒருவர் பாட்டெழுதினார். அதற்கு 1524-இல் அம்மையார் பாட்டாலேயே விடையிறுத்தார். அதன்பின் அவர் எழுத்து எதுவும் அச்சேறவில்லை.

1530-இல் கோபுர்க் கோட்டையில் லூதரைக் கண்டு அவர் உரையாடினார். குழந்தைக்குப் பால் மறக்கச் செய்யும் வகை பற்றி அம்மையார் கூறியதை லூதர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் குறித்திருக்கிறார். அந்த மாணவனோ, மடத்திலிருந்து தப்பிச் சென்று, பிற்காலத்தில் வுர்ட்டம்பெர்க் நாட்டில் சீர்திருத்த சமயப் போதகனாகவே விளங்கினான்.