குழுவுக்குக் கணக்கு எழுதுறோம், நம்ம தொழிலுக்கு?

நான் ஒரு குழுவின் ஊக்குநர். வீட்டிலேயே எலுமிச்சை ஊறுகாயும் மசாலாப் பொடியும் தயாரித்து விற்கிறேன். "ஜிஎஸ்டி மாறிட்டாமே, நமக்கு என்ன?" என்று நிறையப் பேர் கேட்டதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல், 12 சதவீதம், 28 சதவீதம் என்ற அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5-க்கோ 18-க்கோ வந்துவிட்டன. நம்ம தொழிலைத் தொடுவதை மட்டும் பாருங்க. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய முறுக்கு, மிக்சருக்கு 12-லிருந்து 5. ஊறுகாய், தையல் மெஷின், அட்டைப்பெட்டிக்கும் அப்படியே. குளியல் சோப்புக்கு 18-லிருந்து 5. ஒரு துணிமணி 2,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம்தான். முன்னால அந்தச் சலுகை 1,000 ரூபாய் வரைக்கும்தான் இருந்தது.

நம்மில் பலர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் தொழில் செய்கிறவர்கள். பதிவு இல்லாதவர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. நமக்குக் கிடைக்கிற லாபம், நாம வாங்குகிற பொருளில்தான். அதனால பில் கேட்டு வாங்குங்க. பழைய சதவீதமே போட்டிருந்தால் அங்கேயே கேளுங்க.

அடுத்தது, யார் பதிவு செய்யணும்? தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேணும். தையல், அழகு நிலையம் போன்ற சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். ஒரு நாளைக்குப் பிரித்துப் பார்த்தால் 40 லட்சம் என்பது சுமார் 11,000 ரூபாய் விற்பனை. மல்லிப்பூ, காய்கறி, பால் மட்டும் விற்பவர்களுக்கு அந்தப் பொருள்களுக்கு வரியே இல்லை, பதிவும் வேண்டாம்.

இதில் பயம் எங்கிருந்து வந்தது? 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிகவரித் துறை, யுபிஐயில் வந்த பணத்தை வைத்துச் சின்னக் கடைக்காரர்கள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகளில் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். காய்கறியும் பாலும் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போனது. பிறகு மாநில அரசு தலையிட்டு, வரி இல்லாத பொருளுக்கு வசூல் கிடையாது என்று சொன்னது.

இதைக் கேட்டு அட்டையைக் கழற்ற வேண்டாம். வங்கிக் கணக்கில் வந்த பணம் எல்லாமே விற்பனை ஆகாது. குழுக் கடன் வந்திருக்கும், மகன் அனுப்பின பணம் வந்திருக்கும், சீட்டுப் பணம் வந்திருக்கும். எது எது என்று நாம எழுதி வைத்திருந்தால் கேட்கிறவருக்குக் காட்டலாம். எழுதாட்டி எல்லாம் விற்பனை மாதிரிதான் தெரியும். முதல் வேலையாக, தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் வச்சுக்கிடுங்க. அது உங்க பெயரில் இருக்கட்டும். ஆதார், பான் நகலையும் ஓடிபியையும் யாரிடமும் கொடுத்துவிடாதீங்க. அதை வைத்து ஏழைப் பெண்கள் பெயரில் போலிக் கம்பெனி தொடங்கிய மோசடிகள் நடந்திருக்கு.

"இதுக்கெல்லாம் நேரம் எங்கக்கா?" என்பீர்கள். நியாயம்தான். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளில் அதற்கு 289 நிமிடம் செலவழிக்கிறோம், ஆண்கள் 88 நிமிடம். அதனால நமக்கு மட்டும் அறிவுரை சொல்லிப் பயனில்லை. ராத்திரி 15 நிமிடம் பாத்திரத்தை வீட்டில் வேறொருவர் கழுவட்டும். அந்த நேரத்தில் நோட்டில் நாலு கட்டம்: இன்றைய விற்பனை, வாங்கிய பொருள், மற்றச் செலவு, வீட்டுக்கு எடுத்த பணம். நான் இப்படித்தான் எழுதுகிறேன். வாரத்தில் ஒரு நாள், நான் வச்சிருப்பது செவ்வாய், பில்லையெல்லாம் ஒரே கவரில் போட்டுக் கூட்டிப் பார்க்கிறேன்.

பதிவு செய்தவர்கள் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்க. 1.5 கோடி வரை விற்பனை உள்ள வியாபாரிகளும் உற்பத்தியாளர்களும் இணக்க முறையில் விற்பனைக்கு 1 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. 3 மாதத்துக்கு ஒரு தடவை, அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் கட்டணும். ஜூலை 18 என்பது ஆடி பிறக்கிற சமயம். ஆடித்தபசு வியாபாரத்துக்குச் சரக்குப் போடுகிற அவசரத்தில் மறந்தால் வட்டி ஏறும். ஜூலை முதல் வாரத்திலேயே முடிச்சிருங்க.

வருமான வரி இதிலிருந்து வேறு. அது விற்பனைக்கு இல்லை, லாபத்துக்கு. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்யணும். பெரிய கடன் கேட்கும்போது வங்கி அந்தத் தாளைத்தான் முதலில் கேட்கும்.

குழுவின் ரொக்கப் புத்தகத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் நாம எழுந்திருக்க மாட்டோம். அதே கண்டிப்பு சொந்தத் தொழிலுக்கும் வேணும். ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் கடைசி 10 நிமிடம், உறுப்பினர்கள் தொழில் நோட்டை எடுத்துவந்து பார்ப்பது என்று தீர்மானம் போடுவோம். இதை நிர்வாகிகள் முன்னால் கோரிக்கையாக வைத்து முடிக்கிறேன்.