பழி யாரைச் சேரும்?



ஸ்பெயின் தேசத்தின் தென்மேற்கே அல்மென்ட்ரலேஹோ என்றோர் ஊர் உண்டு. 2023 செப்டம்பரில், அவ்வூர்ச் சிறுமியர் 20 பேருக்கு மேற்பட்டோர், 11 வயதுக் குழந்தை முதல் 17 வயது நங்கை ஈறாக, தங்கள் நிர்வாணப் படங்கள் சக மாணவர்களின் கைபேசிகளில் உலாவுவதைக் கேள்வியுற்றுத் திகைத்து நின்றார்கள். அவை எந்தக் கேமராவும் எடுத்த படங்கள் அல்ல. சமூக ஊடகங்களில் அப்பெண்கள் போட்டிருந்த, முழு உடை தரித்த படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் இட்டு, அதே ஊர்ப் பையன்கள் செய்துகொண்ட பொய்ச் சித்திரங்கள்.

"பொய்தானே, அதற்கேன் அழ வேண்டும்?" என்பாரும் நம்மிடையே உளர். அவர்களை நான் கேட்கிறேன்: உடல் பொய்யாயினும் முகம் அவளுடையதன்றோ? மறுநாள் காலை வகுப்பறை வாயிலில் கால் வைக்கும்போது, உள்ளே இருப்போரில் எவரெவர் அதைப் பார்த்தார்கள் என்று அறியாமல், ஒவ்வொரு சிரிப்பையும் தன்னைக் குறித்ததாகவே எண்ணி எண்ணிக் குமைய வேண்டியவள் அவளல்லவா? அது தன் உடல் அன்று என்று நிரூபிக்க வேண்டுமாயின், அந்த நிரூபணத்துக்கே அவள் தன் மானத்தைப் பணயம் வைக்க வேண்டும். இதனினும் விபரீதமான நியாயம் உண்டோ?

இந்த அக்கிரமம் நமக்குப் புதிதன்று. 2016-இல் நம் சேலம் மாவட்டத்தில், முகத்தை வெட்டி ஒட்டி மார்ஃபிங் செய்த படங்கள் ஃபேஸ்புக்கில் பரவியதால் ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் குடும்பம் காவல்துறையிடம் முன்னமே முறையிட்டிருந்தது. முறையீடு இருக்க, படமும் இருந்தது. அன்று அத்தகைய படம் செய்யக் கொஞ்சம் கைத்திறனாவது வேண்டியிருந்தது. இன்று அதுவும் வேண்டாம். வன்மம் ஒன்றே போதும்.

ஆயினும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "நீ ஏன் படம் போட்டாய்?" என்பதே. பொய்ப்படம் செய்யப் பள்ளி ஆண்டு மலரில் வந்த குழுப்படம் போதும், அக்காள் கலியாண ஆல்பம் போதும் என்றாகிவிட்ட காலத்தில், முகம் இருப்பதே குற்றம் என்று பெண்பிள்ளைக்குப் போதிக்கிறோமா? அல்மென்ட்ரலேஹோவில் மகப்பேறு மருத்துவரான ஒரு தாய், அப்படங்களில் தன் மகளுடையதும் உண்டு என்று அறிந்த பின்னும் கதவைச் சாத்திக்கொள்ளாமல், ஊரறிய, உலகறிய, இது சிறுமியரின் குற்றமன்று என்று இன்ஸ்டாகிராமில் பகிரங்கமாகப் பேசினார். அந்தத் துணிவைக் கண்டு அச்சம் நீங்கிய பிற குடும்பங்களும் முன்வந்தன. 2024-இல் அவ்வட்டாரத்துப் பதஹோஸ் இளஞ்சிறார் நீதிமன்றம் 15 சிறுவர்களுக்கு ஓராண்டுக் கண்காணிப்பு விதித்தது.

சிறுவரைத் திருத்துவது முறையே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் செயலியை ஆக்கி, விளம்பரம் செய்து, காசாக்கியவர்கள் அந்தக் கூண்டில் நிற்கவில்லையே! பெண்ணின் ஆடையை உரிப்பதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லாத ஒரு யந்திரத்தை விற்பவனை வணிகன் என்று நான் அழைக்க மாட்டேன். அத்தகைய படத்தைப் பரப்பிவிட்டு, "நான் செய்யவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்று கை கழுவுவோரையும் நிரபராதிகள் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தென் கொரியா 2024 செப்டம்பரில் இயற்றிய சட்டம், இத்தகைய படத்தை வைத்திருப்பவனையும், பார்ப்பவனையும் 3 ஆண்டு வரை சிறையிலிட வழி செய்தது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் இத்தகைய படத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளே கூறின. இணையக் குற்றங்களைப் புகார் செய்ய 1930 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் விதி ஏட்டளவில் நின்றால் போதாது. எனவே இச்சபையின் சார்பில் கேட்கிறேன்: கண்ணீரோடு வரும் பெண்ணின் புகாரை அன்றே எழுதிக்கொள்ளாத காவல் நிலைய அதிகாரி யாராயினும், பள்ளியின் பெயர் கெடும் என்று அவளை மௌனமாக இருக்கச் சொல்லும் தலைமையாசிரியர் யாராயினும், அவர்மீது துறை நடவடிக்கை எடுக்க அரசு இன்றே ஆணையிட வேண்டும்.