கொதிகலனும் ஒரு கடிதமும்

'புதுத் தொழில்நுட்பங்களை ஆள்வது அரசா, தனியாரா?' என்பது இந்த அவையில் நமக்குத் தரப்பட்ட பொருள். செயற்கை நுண்ணறிவையும் மரபணுத் திருத்தத்தையும் அடுத்தடுத்த அமர்வுகள் விரிவாகப் பார்க்கும். சட்டம் மெல்ல நடக்கிறது, தொழில்நுட்பம் ஓடுகிறது என்ற பழைய பல்லவியை உங்களுக்கு நான் பாட வேண்டியதில்லை. தலைப்பின் கடைசியில் நிற்கும் கேள்விக்குறியோடுதான் என் வழக்கு.

அந்தக் கேள்விக்கு இரு பக்கத்தாரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் அமெரிக்கக் கொதிகலன் வரலாற்றைத் தொழில்நுட்ப ஆளுகை என்ற நம் துறையில் அறியாதவர் இல்லை. நீராவிக் கப்பல்களின் கொதிகலன்கள் வெடித்தன. பிராங்க்ளின் கழகம் என்ற அறிவியல் அமைப்பு அரசின் பொருளுதவியோடு ஆராய்ந்து 1836இல் அறிக்கை தந்தது. 1838இல் சோதனையாளருக்கான கட்டணத்தைக் கப்பல்காரரே செலுத்தும் வலுவற்ற சட்டம் ஒன்றும், 1852இல் பல்லுள்ள சட்டம் ஒன்றும் வந்தன. வரலாற்றாசிரியர் ஜான் பர்க் 1966இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இது அரசுத் தலையீட்டின் வெற்றிக் கதையாகவே வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. தனியாரை ஆதரிக்கும் எதிர்த்தரப்பு நண்பர்கள் கதையை வேறிடத்தில் தொடங்குவார்கள். 1866இல் ஹார்ட்ஃபோர்டில் கொதிகலன் சோதனைக்கும் காப்பீட்டுக்கும் ஒரு நிறுவனம் பிறந்தது. 1905இல் பிராக்டன் காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்த பின் மாசசூசெட்ஸ் மாநிலம் விதி செய்தது. ஆனால் நாடு முழுவதற்குமான விதித்தொகுப்பை 1915இல் தந்தது இயந்திரப் பொறியாளர் சங்கம் என்ற தனியார் அமைப்பு என்பார்கள். ஒருவர் கதையை எந்த ஆண்டில் நிறுத்துகிறார் என்பதைக் கொண்டே அவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். இரு கட்சியாரும் தொடாத ஆண்டு 1982.

அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹைட்ரோலெவல் வழக்கில் தீர்ப்பளித்தது. வணிகப் போட்டிச் சட்டம் படிப்பவர்கள் இதை அறிவார்கள். நம் துறையின் நூல்களில் அது அடிக்குறிப்பைத் தாண்டுவதில்லை. கொதிகலனில் நீர்மட்டம் குறைந்தால் எரிபொருளை நிறுத்தும் கருவி ஒன்று உண்டு. அந்தச் சந்தையில் மெக்டானல் அண்ட் மில்லர் நிறுவனம் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. ஹைட்ரோலெவல் என்ற சிறு நிறுவனம், சற்றுத் தாமதித்து நிறுத்தும் கருவியைக் கொண்டுவந்து, பெரிய வாடிக்கையாளர் ஒருவரையும் பிடித்தது. மெக்டானலின் துணைத்தலைவர்களில் ஒருவர், பொறியாளர் சங்கத்தின் உரிய துணைக்குழுவிலும் துணைத்தலைவர். குழுவின் தலைவரோ நம் தனியார் கட்சியார் போற்றும் அதே ஹார்ட்ஃபோர்டு காப்பீட்டு நிறுவனத்தின் உயர் அதிகாரி. இருவரும் கலந்து பேசி, சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய விளக்கம் கேட்கும் கடிதத்தை வடித்தார்கள். அதில் ஹைட்ரோலெவலின் பெயரே இல்லை. கடிதம் சுற்றிக்கொண்டு பதிலுக்காக அதே குழுத் தலைவரிடம் வந்தது. அவர் எழுதிய பதில், சங்கத்தின் முத்திரைத்தாளில், செயலரின் கையெழுத்தோடு 1971இல் வெளியேறியது. தாமதம் இருந்தால் பாதுகாப்புக்கு உறுதியில்லை என்பது அதன் சாரம். மெக்டானலின் விற்பனையாளர்கள் அதைக் கொண்டு ஹைட்ரோலெவலின் வாடிக்கையாளர்களைக் கலைத்தார்கள். விதித்தொகுப்பில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். விதியை யார் எழுதுகிறார்கள், குழுவில் யார் உட்காருகிறார்கள், வாக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்றே நாம் முனைவர் பட்ட ஆய்வுகளைக் குவித்திருக்கிறோம். அதிகாரம் இருந்ததோ, எழுதிய விதிக்குப் பொருள் சொன்ன ஒற்றைக் கடிதத்தில். 46 மாநிலங்கள் அந்தத் தொகுப்பை ஏற்றிருந்ததால்தான் கடிதத்துக்கு அத்தனை வலு. சங்கத்தின் பெயரில் பேசும் தோற்றத்தை அந்த இருவருக்கும் தந்தது சங்கமே. ஆகவே அதுவே பொறுப்பு என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

இது போட்டிச் சட்டம், ஆளுகை அல்ல என்று சொல்வார்கள். போட்டிச் சட்டம் வழக்குக்குக் கிடைத்த வாசல் மட்டுமே. உள்ளே நடந்தது, அரசு இரவல் கொடுத்த அதிகாரத்தின் பிரச்சினை. இப்படிப் பொறுப்புச் சுமத்தினால் தன்னார்வ வல்லுநர்கள் ஓடிவிடுவார்கள் என்பது இன்னும் கனமான மறுப்பு. சிறுபான்மை நீதிபதிகளும் இப்படிப் பொறுப்புச் சுமத்துவதை ஏற்கவில்லை. ஆனால் நாற்பதாண்டுக்கு மேலாகியும் சங்கம் இருக்கிறது, தொகுப்பும் புழக்கத்தில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் மட்டும் என்ன வாழ்கிறது என்று மூன்றாமவர் கேட்பார். நியாயமான கேள்வி. அரசு அதிகாரி நேர்மையானவர் என்பதல்ல என் வாதம். ஆனால் அவர் எழுதிய விளக்கத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம், உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். நம் நாட்டில் 1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் 2007இல் திருத்தப்பட்டு, சோதிக்கவும் சான்றளிக்கவும் அரசு ஆய்வாளர் அல்லாதவர்க்கும் வழி திறந்தது. அதன் இடத்தில் இப்போது 2025ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. தனியாருக்குக் கொடுத்தது சரியா தவறா என்று நாம் வாதாடினோம். அவர்கள் தரும் விளக்கம் எந்தப் பதிவேட்டில் ஏறும் என்று யாரும் கேட்டதாக நம் ஆய்விதழ்களில் நான் காணவில்லை.

இந்தப் பதிவேட்டுக் கேள்வியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால் சிக்கல் பெரிதாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் கடமைகளைப் பொதுப்படச் சொல்லி, தொழில்நுட்ப நுணுக்கத்தை ஐரோப்பியத் தரநிர்ணய அமைப்புகளிடம் விடுகிறது. அந்தத் தரத்தைப் பின்பற்றினால் சட்டத்தைப் பின்பற்றியதாகக் கொள்ளப்படும். அத்தகைய தரங்கள் ஒன்றியச் சட்டத்தின் பகுதியே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் ஜேம்ஸ் எலியட் வழக்கில் சொன்னது. சட்டத்தின் பகுதியான தரங்களை மக்கள் படிக்க முடிவதில் பொதுநலன் மேலோங்குகிறது என்று 2024இல் இன்னொரு வழக்கில் ஏற்றது. இதை வெற்றி என்று கொண்டாடிய நண்பர்களோடு சேர்ந்து மகிழ்கிறேன். ஆனால் அவர்களுக்குத் திறந்தது தரத்தின் வாசகம் மட்டுமே. ஒரு நிறுவனம் தன் மென்பொருளைப் பற்றி ஐயம் கேட்டு, குழுவிலுள்ள ஒருவர் அனுப்பும் பதில் எங்கே போகும்? அதைப் போட்டியாளர் பார்க்க முடியுமா? பாதிக்கப்பட்டவர் எதிர்க்க முடியுமா? பிற்பகல் அமர்வில் தரநிர்ணயம் பற்றிக் கட்டுரை படிப்பவர்களிடம் முதலில் இந்த மூன்று கேள்விகளையும் வைக்கிறேன். அரசா தனியாரா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.